சர்வோ மோட்டார் அடம்பிடித்தால் எங்கே பார்ப்பது?

மேலூர்ப் பக்கத்தில் படிக்கும் நான்கு பிள்ளைகள் போன வருடம் அறிவியல் கண்காட்சிக்கு ஒரு கண்மாய் மாதிரி செய்தார்கள். அட்டையில் கரை, நீலத் தாளில் தண்ணீர், வரிசையாக நான்கு மடை. ஒவ்வொரு மடையின் பலகையையும் ஒரு எஸ்ஜி90 சர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார், தூக்கி இறக்க வேண்டும். ஒரு சர்வோவை மட்டும் மாட்டினால் பலகை அழகாக ஏறி இறங்கியது. நான்கையும் மாட்டினால் நான்கும் வெட்டி வெட்டி இழுத்தன; அவற்றுக்கு உத்தரவு கொடுக்கும் ஆர்டுயினோ போர்டு தானாகவே ரீசெட் ஆனது, அதாவது முதலிலிருந்து தொடங்கியது. மூன்று நாள் புரோகிராமையே மாற்றி மாற்றி எழுதிப் பார்த்துவிட்டு, கடைசியில் திருநகரில் என் வீட்டுக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"புரோகிராம் எல்லாம் சரியாத்தாண்ணே இருக்கு. சர்வோதான் டூப்ளிகேட்டாக் குடுத்துட்டாங்க போல" என்றான் மூத்தவன்.

புரோகிராம் சரியாகத்தான் இருந்தது. சர்வோவிலும் குறை இல்லை. கரண்ட்தான் போய்ச் சேரவில்லை.

மேலூர்ப் பிள்ளைகளுக்குக் கடைமடை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணை தொடங்கி கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அதைத் தாண்டினால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான்; அதிலும் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டியதா என்று யாராவது நடந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பேரணையில் எத்தனை கனஅடி திறந்தார்கள் என்று சொன்னால் கடைமடைக்காரரின் நாற்று நனையாது. சர்வோ விஷயமும் இதேதான். சார்ஜரின் முதுகில் 5 வோல்ட் என்று அச்சடித்திருப்பது பேரணைக் கணக்கு. சர்வோ அசைகிற அந்த நொடியில் அதன் சிவப்பு ஒயருக்கும் பழுப்பு ஒயருக்கும் நடுவே எத்தனை வோல்ட் இருக்கிறது என்பது கடைமடைக் கணக்கு. கீழே எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும், இந்த இரண்டாவது கணக்கை முதலில் எடுத்துவிடுங்கள். என்னிடம் வந்த சர்வோக் கோளாறுகளில் பெரும்பாலானவை அங்கேயே பிடிபட்டன.

கடைமடையில் அளப்பது எப்படி

சர்வோவின் மூன்று துளை பிளக்கைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் சின்னச் சின்ன சன்னல் போல வெட்டு இருக்கும். உள்ளே உலோகம் மினுங்கும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பழுப்பு ஒயரின் சன்னலிலும் சிவப்பு முனையைச் சிவப்பு ஒயரின் சன்னலிலும் தொடுங்கள். இரண்டு முனையும் ஒன்றையொன்று உரசக்கூடாது, உரசினால் ஷார்ட். பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்தால் பயனில்லை. எல்லாம் மாட்டியபடியே, சர்வோ ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்.

எஸ்ஜி90-க்கு 4.8 முதல் 6 வோல்ட் வரை வேண்டும். அசையும்போது 4.7-க்கு மேல் நிற்கிறது என்றால் பயமில்லை. 4.5-க்குக் கீழே போகிறது என்றால் அப்போதைக்குப் புரோகிராமை மூடி வைத்துவிடலாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: மல்டிமீட்டர் மெதுவானது, நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கும். சில மில்லி செகண்ட் மட்டும் நடக்கும் சரிவை அது சராசரியாக்கிக் காட்டும். மீட்டர் 4.2 என்று காட்டினால், உண்மையில் அதைவிட ஆழமாக விழுந்து எழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிள்ளைகளின் மாதிரியில் சும்மா இருக்கும்போது 4.97 இருந்தது, நான்கும் சேர்ந்து கிளம்பியதும் எண் 3.6 வரை இறங்கியது.

அறிகுறி: சர்வோ அசைந்ததும் போர்டு ரீசெட் ஆகிறது

ஆர்டுயினோ ஊனோவில் எல் என்று போட்டிருக்கும் எல்இடி திடீரென்று மின்னினால், அல்லது போர்டு அனுப்பும் வரிகளைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டரில் முதல் வரி திரும்பத் திரும்ப வந்தால், போர்டு செத்துச் செத்துப் பிழைக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆர்டுயினோ மாதிரியே இன்னொரு போர்டான ஈஎஸ்பி32 என்றால் 'பிரவுன்அவுட் டிடெக்டர்' என்று தொடங்கும் ஒரு செய்தியைத் தானே எழுதிக் காட்டிவிடும். வோல்ட்டேஜ் சரிந்தது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

காரணம் கணக்கில் இருக்கிறது. எஸ்ஜி90 சுமையில்லாமல் திரும்பும்போது 100 முதல் 250 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். அசைய முடியாமல் முட்டி நிற்கும்போது 650, 700 மில்லி ஆம்பியர். எந்த டிசி மோட்டாரும் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் முதல் கணத்தில் முட்டி நிற்பது போலவே கரண்ட் இழுக்கும். ஆக, நான்கு சர்வோ ஒரே கணத்தில் கிளம்பினால் 2.6 ஆம்பியருக்குப் பக்கம். பிள்ளைகள் லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்து ஊனோவுக்கும், ஊனோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து (ஒயர் மாட்டும் முனை) நான்கு சர்வோவுக்கும் கொடுத்திருந்தார்கள். அந்த யுஎஸ்பி வழியில் ஊனோ போர்டில் இருக்கும் பாதுகாப்பு ஃபியூஸ் 500 மில்லி ஆம்பியருக்கானது. கால் இஞ்ச் குழாயில் நான்கு வயலுக்கு நீர் பாய்ச்ச நினைப்பது மாதிரி.

"அப்ப 12 வோல்ட் அடாப்டரை வட்ட ஜாக்கில் குத்தினால்?" என்று கேட்பார்கள். அது இன்னும் மோசம். போர்டில் இருக்கும் ரெகுலேட்டர் 12-ஐ 5 ஆக்குவதற்கு மிச்சம் 7 வோல்ட்டைச் சூடாக்கித்தான் கழிக்கிறது. 400 மில்லி ஆம்பியர் போனால்கூட 2.8 வாட் சூடு, வெறும் தகட்டுத் துண்டு மாதிரி இருக்கும் ஒரு சிப்பில். சித்திரை மாத மதுரை அறையில் அது சீக்கிரமே தாங்காமல் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். ஆறினதும் மறுபடி வரும். விட்டு விட்டு வரும் இந்தக் கோளாறை நிறையப் பேர் 'லூஸ் கனெக்‌ஷன்' என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

சதுர 9 வோல்ட் பேட்டரியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடையில் 'கிட்' வாங்கினால் கூடவே அதைத்தான் கொடுக்கிறார்கள். அது புகை எச்சரிக்கைக் கருவிக்கும் மல்டிமீட்டருக்கும் செய்த பேட்டரி. அதன் உள்தடை அதிகம். மோட்டார் ஆம்பியர் கணக்கில் கேட்டால் வோல்ட்டேஜ் அப்படியே உட்கார்ந்துவிடும். சர்வோவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

தீர்வு, சர்வோக்களுக்குத் தனி சப்ளை. ஒன்றோ இரண்டோ எஸ்ஜி90 என்றால் 5 வோல்ட் 2 ஆம்பியர் பழைய போன் சார்ஜர் போதும். நான்கு என்றால் 5 வோல்ட் 3 ஆம்பியருக்குக் குறையாமல் வேண்டும். பெரிய உலோகக் கியர் எம்ஜி996ஆர் ஒவ்வொன்றும் முட்டும்போது 2.5 ஆம்பியர் வரை கேட்கும். இரண்டு இருந்தால், மெயின் கரண்டை 5 வோல்ட் ஆக்கித் தரும் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் வைத்துவிடுங்கள். எல்இடி பட்டைக்கு விற்கும், ஓட்டை ஓட்டையாகத் தகரப் பெட்டி போட்ட எஸ்எம்பிஎஸ் இதற்கு நன்றாகவே உழைக்கும். ஆனால் அதன் ஒரு ஓரத்தில் 230 வோல்ட் திருகுகள் திறந்தபடி இருக்கின்றன. பிள்ளைகள் கை வைக்கும் மேசையில் அதை மூடாமல் வைக்காதீர்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பா போட்டுத் திருகுங்கள். மெயின் ஒயரைப் பெரியவர்கள் மாட்டிக் கொடுங்கள். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இணைப்பு இப்படி: சப்ளையின் பிளஸ், சர்வோக்களின் சிவப்புக்கு. சப்ளையின் மைனஸ், சர்வோக்களின் பழுப்புக்கு. ஆர்டுயினோவின் கிரவுண்டிலிருந்து ஒரே ஒரு ஒயர், சப்ளையின் மைனஸுக்கு. ஆரஞ்சு ஒயர்கள் வழக்கம்போல ஆர்டுயினோ பின்னுக்கு. யுஎஸ்பி சொருகியிருக்கும்போது சப்ளையின் பிளஸை ஊனோவின் 5 வோல்ட் பின்னில் கொடுக்காதீர்கள். இரண்டு இடத்து 5 வோல்ட்டும் சரிசமமாக இருக்காது, ஒன்று மற்றொன்றுக்குள் தள்ளப் பார்க்கும்.

12 வோல்ட் பேட்டரிதான் இருக்கிறது என்றால் நடுவில் வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் பக் கன்வெர்ட்டர் போடுங்கள். எல்எம்2596 போர்டுக்கு 3 ஆம்பியர் என்று சொன்னாலும் ஹீட்சிங்க் இல்லாமல் 2-க்கு மேல் நம்பாதீர்கள். அதிகம் வேண்டுமென்றால் எக்ஸ்எல்4015. சர்வோவை மாட்டுவதற்கு முன்னால் மீட்டரை வைத்து 5 வோல்ட்டுக்குத் திருப்பிவிட வேண்டும். அதிலிருக்கும் பித்தளைத் திருகு பல சுற்று சுற்றும் வகை. பத்து சுற்று சுற்றியும் எண் அசையாமல் இருக்கலாம். கெட்டுப்போனது என்று நினைக்காமல் தொடர்ந்து சுற்றுங்கள்.

இத்தனையும் செய்து பிள்ளைகளின் மாதிரியை மறுபடி ஓட்டினோம். சப்ளையின் வாயில் 5.02. சர்வோவில் 4.4. இப்போதும் கடைமடை காய்ந்துதான் கிடந்தது! காரணம் வாய்க்கால். ஒயர்களைக் குத்தி இணைக்கும் துளைப் பலகையான பிரட்போர்டின் ஓரத்துச் சிவப்புப் பட்டை வழியாகத்தான் நான்கு சர்வோவுக்கும் கரண்ட் போனது. அந்தப் பட்டைக்குள் இருப்பது மெல்லிய கிளிப். ஒரு ஆம்பியருக்கு மேல் அதை வருத்தக்கூடாது. மெல்லிய ஜம்பர் ஒயர்களும் சேர்ந்தால், போக வர மொத்தம் கால் ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். மலிவான ஜம்பர்களில் உள்ளே இரும்புக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியதும் உண்டு. ஒரு காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒயரைச் சிக்னலுக்கு வைத்துக்கொண்டு, மோட்டார் கரண்டுக்கு வேறு தேடுங்கள்.

நாங்கள் அன்றைக்குப் பழைய மேசை விசிறியிலிருந்து வெட்டிய ஒயரை எடுத்து, சப்ளையிலிருந்து நேராக ஒரு திருகு டெர்மினல் பட்டைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து ஒவ்வொரு சர்வோவுக்கும் தனித்தனிக் கிளை. கடைசி சர்வோவில் அளந்தபோது 4.93. நான்கு சர்வோவும் வெட்டாமல் சேர்ந்தே கிளம்பின. மூன்று நாள் தூங்காத பிள்ளைகளின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

கெப்பாசிட்டர் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். போடுங்கள், நல்லதுதான்: 470 முதல் 1000 மைக்ரோஃபாரட், 10 அல்லது 16 வோல்ட், சர்வோவுக்குப் பக்கத்திலேயே, மைனஸ் கோடு போட்ட கால் பழுப்புப் பக்கம். தலைகீழாகப் போட்டால் வெடிக்கும். ஆனால் அது செய்யக்கூடியது இவ்வளவுதான்: 1000 மைக்ரோஃபாரட் தனியாக நின்று 1 ஆம்பியர் கொடுத்தால், ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு வோல்ட் வீதம் காலியாகும். வாசலில் ஒரு குடம் தண்ணீர் வைத்திருப்பது மாதிரி. குழாயில் நீர் வந்தால் இடைவெளியைச் சமாளிக்கும். குழாயே வறண்டிருந்தால் குடம் என்ன செய்யும்?

செலவில்லாத ஒரு வழியும் உண்டு. எல்லாச் சர்வோவையும் ஒரே கணத்தில் கிளப்பாதீர்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 200 மில்லி செகண்ட் விட்டால், முதலாவது கிளம்பும்போது இழுக்கும் இழுப்பு அடங்கிய பிறகே இரண்டாவது கிளம்பும். உச்சக் கரண்ட் வெகுவாகக் குறைந்துவிடும். உண்மையான கண்மாயிலும் எல்லா மடையையும் ஒன்றாகத் திறப்பதில்லை என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

அறிகுறி: அசைவும் இல்லை, சத்தமும் இல்லை

முதலில் சர்வோவின் அச்சில் மாட்டிய சின்னக் கையை விரலால் மிக மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். கல் மாதிரி எதிர்த்து நின்றால் சர்வோவுக்குக் கரண்டும் சிக்னலும் வருகின்றன, எங்கேயோ முட்டியிருக்கிறது அல்லது அதே கோணத்தையே புரோகிராம் சொல்லிக்கொண்டிருக்கிறது. தளர்வாகத் திரும்பினால் இரண்டில் ஒன்று வரவில்லை.

ஒயர் நிறங்களைச் சரிபாருங்கள். எஸ்ஜி90-இல் பழுப்பு கிரவுண்டு, சிவப்பு பிளஸ், ஆரஞ்சு சிக்னல். வேறு சிலவற்றில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை. சிவப்பு நடுவில் இருப்பதால் பிளக்கைத் திருப்பிக் குத்தினாலும் பெரும்பாலும் எரியாது, அசையாமல் மட்டும் இருக்கும். திருப்பி மாட்டினால் போதும்.

அப்புறம் கிரவுண்டு. தனி சப்ளைக்கு மாறிய பலர் ஆர்டுயினோவின் கிரவுண்டைச் சப்ளையின் மைனஸோடு சேர்க்க மறந்துவிடுகிறார்கள். சிக்னல் என்பது கிரவுண்டிலிருந்து அளக்கும் உயரம். இரண்டு பேருக்கும் தரை ஒன்றாக இல்லாவிட்டால், ஆர்டுயினோ சொல்லும் 5 வோல்ட் சர்வோவுக்கு எதுவாகவும் தெரியலாம். சில சமயம் சர்வோ சும்மா இருக்கும், சில சமயம் பேய் பிடித்தது போல ஆடும்.

நீளமான பிரட்போர்டுகளில் ஓரத்துப் பட்டை நடுவில் அறுந்திருக்கும். சிவப்புக் கோடு விட்டு வரைந்திருந்தால் அதுதான் அடையாளம். பாதிக்கு அந்தப் பக்கம் மாட்டிய சர்வோவுக்கு ஒன்றுமே வராது. ஈஎஸ்பி32-இல் 34, 35, 36, 39 ஆகிய பின்கள் உள்வாங்க மட்டும்தான், அவற்றிலிருந்து சிக்னல் வெளியே வராது. இந்த ஐந்தாறு காரணங்களுக்குள் தொண்ணூறு சதவீதம் அடங்கிவிடும்.

அறிகுறி: நடுங்குகிறது, துடிக்கிறது

இதில்தான் அதிகம் அலைய வேண்டியிருக்கும். காரணம் ஒன்றல்ல.

சர்வோ எதைக் கேட்டு நகர்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வோம். நொடிக்கு 50 தடவை, அதாவது 20 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, ஆரஞ்சு ஒயரில் ஒரு சின்னத் துடிப்பு வருகிறது. அந்தத் துடிப்பு எத்தனை மைக்ரோ செகண்ட் நீண்டது என்பதுதான் கோணம். 1500 என்றால் நடு. சுமார் 1000 ஒரு பக்கம், 2000 மறுபக்கம். ஆர்டுயினோவின் சர்வோ லைப்ரரி (முன்பே எழுதி வைத்த புரோகிராம் தொகுப்பு) 544 முதல் 2400 வரை 180 டிகிரிக்குப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு டிகிரிக்குப் பத்து மைக்ரோ செகண்ட் சொச்சம். ஆக, துடிப்பின் நீளம் முப்பது மைக்ரோ செகண்ட் தவறினாலே கை மூன்று டிகிரி விலகும். நடுக்கம் என்பது இந்த நீளம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறி வருவது, அல்லது சர்வோ அதை மாறி வாசிப்பது.

முதலில் கடைமடை அளவு. அது சரியென்றால், ஆட்டத்துக்கு நேரம் காலம் இருக்கிறதா என்று கவனியுங்கள். அண்ணாநகரில் ஒரு வீட்டு நவராத்திரிக் கொலுவுக்கு, அழகர் குதிரையோடு ஆற்றில் இறங்குவது போல ஒரு அமைப்பு செய்து கொடுத்தேன். குதிரையை மெதுவாக இறக்குவது ஒரு சர்வோ. ஆற்றங்கரையைச் சுற்றி நியோபிக்சல் விளக்குப் பட்டை. விளக்கு நிறம் மாறாத வரை குதிரை அசையாமல் நின்றது. நிறம் மாறத் தொடங்கியதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு சாயங்காலம் கெப்பாசிட்டரும் ஒயரும் மாற்றிப் பார்த்தும் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள், விளக்குப் பகுதியை மட்டும் புரோகிராமில் நிறுத்தி ஓட்டினேன். நடுக்கம் நின்றது.

விஷயம் இது. ஊனோவில் சர்வோ துடிப்பு இன்டரப்ட் மூலமாகத்தான், அதாவது நடக்கும் வேலையைக் கணநேரம் நிறுத்தி அவசர வேலைக்குத் தாவும் வழியில்தான், அளக்கப்படுகிறது. நியோபிக்சல் லைப்ரரியோ, விளக்குகளுக்குத் தகவல் அனுப்பி முடிக்கும் வரை இன்டரப்டை நிறுத்தி வைக்கிறது, விளக்கு ஒன்றுக்கு 30 மைக்ரோ செகண்ட். 60 விளக்கு என்றால் 1.8 மில்லி செகண்ட். சர்வோ துடிப்பை முடிக்க வேண்டிய நேரம் அந்த இடைவெளியில் மாட்டினால் துடிப்பு நீண்டுவிடும். ப்ளூடூத்துக்குப் போடும் சாஃப்ட்வேர்சீரியலும், டிஹெச்டி11 வெப்பமானி லைப்ரரியும் இதே போல இன்டரப்டைப் பிடித்து வைப்பவைதான். கொலுவில் நான் சர்வோவை ஒரு பிசிஏ9685 போர்டுக்கு மாற்றினேன். துடிப்பை அதுவே உருவாக்கிக்கொள்வதால் ஆர்டுயினோ என்ன வேலையில் இருந்தாலும் கவலையில்லை. ஈஎஸ்பி32-இலும் துடிப்பை வன்பொருளே எழுப்புகிறது. வேறு போர்டு வாங்க முடியாது என்றால், குதிரை அசையும் நேரத்தில் விளக்கை மாற்றாதீர்கள்.

திருகு பொட்டன்ஷியோமீட்டரை வாசித்துச் சர்வோவைத் திருப்புகிறீர்கள் என்றால், காரணம் அங்கேயும் இருக்கலாம். 0 முதல் 1023 வரை வரும் எண் சும்மா இருந்தாலும் ஒன்றிரண்டு கூடிக் குறையும். இரண்டு டிகிரியின் எல்லையில் அது நிற்கும்போது கை அங்குமிங்கும் தட்டிக்கொண்டே இருக்கும். பழைய மதிப்பிலிருந்து நான்கைந்து எண் விலகினால் மட்டும் சர்வோவுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சர்வோவின் கரண்ட் ஆர்டுயினோ வழியாகத் திரும்பிப் போவது. சர்வோவின் பழுப்பு ஒயரை ஆர்டுயினோவின் கிரவுண்டில் மாட்டி, அங்கிருந்து சப்ளைக்கு ஒரு மெல்லிய ஒயர் போனால், மோட்டார் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் ஆர்டுயினோவின் தரையே கொஞ்சம் உயரும். சென்சார் எண்களும் சேர்ந்து ஆடும். பழுப்பு ஒயர் நேராகச் சப்ளைக்குப் போக வேண்டும்.

சிக்னல் ஒயர் ஒரு மீட்டருக்கு மேல் நீளம் என்றால் அதைக் கிரவுண்டு ஒயரோடு முறுக்கிக் கொண்டுபோங்கள். 3.3 வோல்ட் போர்டுகளின் சிக்னலைப் பெரும்பாலான எஸ்ஜி90 ஏற்றுக்கொள்கிறது. ஆறு வோல்ட்டில் ஓடும் பெரிய சர்வோ தயங்கினால் நடுவில் 5 வோல்ட்டில் ஓடி, சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் ஒரு 74எச்சிடி125 சிப் போடலாம்.

அறிகுறி: ஓரத்தில் 'உர்ர்ர்' என்று உறுமுகிறது, தொட்டால் சுடுகிறது

0 அல்லது 180-க்குப் போனதும் உறுமினால், சர்வோ உள்ளே இருக்கும் தடுப்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. 544-உம் 2400-உம் எல்லா எஸ்ஜி90-க்கும் பொருந்துவதில்லை. 1500-இல் தொடங்கி, ரைட்மைக்ரோசெகண்ட்ஸ் கட்டளை மூலம் பத்துப் பத்தாக நகர்த்துங்கள். உறுமல் கேட்கும் எண்ணுக்கு முப்பது, நாற்பது முன்னால் நிறுத்தி, அதை அட்டாச் கட்டளையில் பின் எண்ணுக்குப் பிறகு எல்லையாகக் கொடுத்துவிடுங்கள். முட்டி நிற்கும் சர்வோ முழுக் கரண்டையும் இழுத்துக்கொண்டே இருக்கும். சில நிமிடங்களில் உள்ளே கருகும் வாசனை வந்துவிடும்.

நடுக் கோணத்தில் உறுமினால் சுமை அதிகம். எஸ்ஜி90-இன் பலம் 4.8 வோல்ட்டில் 1.8 கிலோ சென்டிமீட்டர். அதாவது அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி 1.8 கிலோவோடு அது திணறி நின்றுவிடும். ஐந்து சென்டிமீட்டர் கை வைத்தால் 360 கிராமிலேயே நின்றுவிடும். வேலை வாங்குவது அதில் பாதிக்குக் கீழே இருக்கட்டும். லேசான சுமையை ஓரிடத்தில் வைத்துவிட்டால் போதும் என்றால் துடிப்பை நிறுத்தும் டிடாச் கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். கியரின் உராய்வே பிடித்துக்கொள்ளும், சத்தமும் சூடும் நிற்கும்.

அறிகுறி: ஆன் செய்ததும் துள்ளுகிறது

அட்டாச் ஆனதும் லைப்ரரி முதலில் 1500, அதாவது சுமார் 90 டிகிரியைத்தான் அனுப்பும். மூடியிருக்க வேண்டிய மடை பாதி திறந்துவிட்டு மூடும். அட்டாச்சுக்கு முந்தைய வரியில் ரைட் கட்டளையை எழுதி, வேண்டிய கோணத்தைக் கொடுத்துவிடுங்கள். போர்டு விழித்தெழும் வரை சிக்னல் ஒயர் அந்தரத்தில் தொங்குவதாலும் ஒரு சின்ன உதறல் வரும். ஆரஞ்சுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள். அப்படியும் முதல் அசைவு ஒரு தடவை இருக்கலாம், ஏனென்றால் கை இப்போது எங்கே நிற்கிறது என்று சர்வோ ஆர்டுயினோவுக்குத் திருப்பிச் சொல்வதில்லை.

அறிகுறி: நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது

கடையில் 360 டிகிரி வகையைக் கொடுத்துவிட்டார்கள். வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதற்குக் கோணம் தெரியாது. 90 என்றால் நில், 0 என்றால் ஒரு திசையில் முழு வேகம், 180 என்றால் மறு திசை. வண்டிச் சக்கரத்துக்கு ஆகும், மடைக்கு ஆகாது. 90-இலும் மெல்ல ஊர்ந்தால் 1500-க்கு முன்னும் பின்னும் பத்து இருபது மாற்றி நிற்கும் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

அறிகுறி: பிசிஏ9685 போர்டில் விளக்கு எரிகிறது, சர்வோ அசையவில்லை

அந்தப் போர்டுக்கு இரண்டு சப்ளை. விசிசி பின் சிப்புக்கு மட்டும். சர்வோவுக்கான கரண்ட், பச்சை அல்லது நீலத் திருகு டெர்மினல் வழியாக வி-பிளஸில் தனியாக வர வேண்டும். ஆர்டுயினோ 5 வோல்ட்டை விசிசியில் கொடுத்துவிட்டு டெர்மினலைக் காலியாக விட்டவர்கள் ஏராளம்.

அசைகிறது, ஆனால் கோணம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போகிறது என்றால் அலைவெண்ணைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் 20 மில்லி செகண்டை அது 4096 படியாகப் பிரிக்கிறது. ஒரு படி 4.88 மைக்ரோ செகண்ட். 1000-க்கு 205, 1500-க்கு 307, 2000-க்கு 410. சிப்பின் உள்கடிகாரம் 25 மெகாஹெர்ட்ஸ் என்று சொன்னாலும் போர்டுக்குப் போர்டு கொஞ்சம் விலகும். ஒரு நடு எண்ணை வைத்துக் கை எங்கே நிற்கிறது என்று பார்த்து உங்கள் போர்டுக்கு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சர்வோ சேர்த்ததும் எல்இடியின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியவில்லை

ஊனோவில் சர்வோ லைப்ரரி டைமர்1-ஐ எடுத்துக்கொள்வதால் 9, 10 ஆகிய பின்களில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அனலாக்ரைட் கட்டளை வேலை செய்யாது, சர்வோவை வேறு பின்னில் மாட்டியிருந்தாலும். எல்இடியை 3, 5, 6, 11-இல் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: நன்றாக ஓடியது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது

பவர்பேங்கா? பல பவர்பேங்குகள் கரண்ட் குறைவாக எடுத்தால் யாரும் இல்லை என்று நினைத்து அணைந்துவிடும். சர்வோ அசையாமல் காத்திருக்கும் நேரத்தில் இது நடக்கும். 18650 பேட்டரி இரண்டைத் தொடராகப் போட்டிருந்தால் முழுச் சார்ஜில் 8.4 வோல்ட், எஸ்ஜி90-இன் உச்ச எல்லை 6. அது நின்றுவிட்டது என்றால் பெரும்பாலும் உள்ளிருக்கும் சுற்று எரிந்துபோயிருக்கும், மாற்றித்தான் ஆக வேண்டும். நான்கு சாதாரண ஏஏ பேட்டரி போட்டவர்கள் மறுபடி கடைமடையில் அளந்து பாருங்கள்.

அறிகுறி: உள்ளே மோட்டார் ஓடுகிறது, கை திரும்பவில்லை

கியரில் பல் போயிருக்கிறது. அடியிலிருக்கும் நான்கு நீளத் திருகுகளைக் கழற்றி மேல் மூடியைத் தூக்கினால் வெள்ளைச் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒரே இடத்தில் இரண்டு பல் மழுங்கி, கிரீஸில் வெள்ளைத் துகள் ஒட்டியிருக்கும். கையால் வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். சர்வோவின் கையைப் பொருத்தும்போது முதலில் 90-க்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு மாட்டித் திருகுங்கள்.

மேலூர்ப் பிள்ளைகளின் கடைசி மடை விஷயம் பாக்கி இருக்கிறது. கரண்ட் எல்லாம் சரியான பிறகும் நான்காவது பலகை மட்டும் பாதியில் நின்று உறுமியது. மீட்டர் 4.93 காட்டியது. சர்வோவை முதல் மடைக்கு மாற்றினோம், அங்கே ஒழுங்காகத் தூக்கியது. முதல் மடையின் சர்வோவை நான்காவதுக்கு வைத்தோம், அதுவும் உறுமியது. அப்போது அந்தக் குழுவில் இருந்த சின்னப் பெண் குனிந்து, பலகை ஏறி இறங்கும் காடியில் நகத்தை விட்டுச் சுரண்டினாள். அட்டையை ஒட்டிய பசை உள்ளே வழிந்து காய்ந்திருந்தது. பிளேடால் அதைச் சீவி எடுத்துவிட்டு, விளக்கு மாடத்திலிருந்த மெழுகுவர்த்தியை இரண்டு தடவை காடியில் தேய்த்தோம். பலகை சத்தமில்லாமல் மேலே போனது.